வலிப்பு டாக்டரிடம் நாலு வருஷம்

நோயாளியைக் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது, பக்கத்தில் இருந்தவரைக் கேட்டால் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்பார். வலிப்பு வைத்தியத்தில் நர்ஸ் படும் பாடு இதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். மெட்ராஸில் அவருடைய பேராசிரியர் மூளை வியாதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு அனுப்ப, ஒவ்வொரு நோயாளியின் கதையையும் நான் கேட்டு எழுத வேண்டும். எந்தக் கை முதலில் வெட்டி இழுத்தது? எவ்வளவு நேரம்? கேள்வி கேட்டே தொண்டை வற்றியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இரும்பு

சாணார்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கிணற்றுமேட்டில் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் கிணற்றுக்குள்தான். அதிலிருந்து மனைவி பேச்சியம்மா அவரைத் தனியாக விடுவதில்லை. வலிப்பு வந்தால் கையில் திணிக்க, இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து.

"இரும்பெல்லாம் வேண்டாம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வை. மாத்திரையை மட்டும் ஒருநாள்கூட விட்டுராத" என்றார் டாக்டர். எட்டு மாதம் விடவில்லை, வலிப்பும் வரவில்லை. அடுத்து மாத்திரை வாங்க வந்த அன்றைக்குப் பேச்சியம்மா சாவிக்கொத்தை அவிழ்த்து என் மேஜையில் வைத்தாள். "இனிமே இதைப் பூட்டுக்கே வச்சுக்கவா, நர்சம்மா?"

கோடு போடும் மெஷின்

பேகம்பூர் தோல் வியாபாரி வீட்டு மருமகள் நூர்ஜஹான். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் நிலைகுத்திவிடும்; கூப்பிட்டால் கேட்காது. ஷைத்தான் பிடித்திருக்கிறது, பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று மாமியார் சொல்ல, கணவர் மட்டும் பிடிவாதமாக எங்களிடம் கூட்டிவந்தார்.

மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாகப் போடும் மெஷின் மெட்ராஸுக்கு வந்திருந்தது. அங்கே அனுப்ப டாக்டர் சீட்டு எழுதியதும் அவள் அழுதாள். "மனசுல நினைக்கிறதெல்லாம் அதுல தெரிஞ்சிருமாக்கா?" அதெல்லாம் அதில் தெரியாது என்று சொல்லிவைத்தேன், எனக்கே நிச்சயமில்லை.

காகிதச் சுருளோடு திரும்பி வந்தார்கள். ஒரே இடத்தில் கோடு முள்முள்ளாக எழும்பியிருந்தது. "இது வியாதிம்மா, மருந்து இருக்கு" என்று டாக்டர் மாமியாருக்குக் காட்டினார். அந்த அம்மாள் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மருமகளின் முக்காட்டைச் சரிசெய்தார். போகும்போது நூர்ஜஹான் என் காதில் சொன்னாள்: "நல்லவேளைக்கா, மாமியைப் பத்தி நினைச்சது ஒண்ணுமே அதுல விழல."

பேர்

வத்தலக்குண்டு மல்லிகைத் தோட்டக்காரர் ராமசாமிக்கு மூன்று மாதமாக மறதி, பகலெல்லாம் தூக்கம். மகன் முருகேசனையே "யாருப்பா நீ?" என்கிறார். வயசாகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள். தலையில் அடி பட்டதா என்று கேட்டேன். இல்லை என்ற முருகேசன், வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். "பஸ்ஸுல ஏறுறப்ப ஒருதடவ இடிச்சுக்கிட்டாரு. லேசாத்தான்."

டாக்டர் எழுந்தேவிட்டார். மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்தலாம் என்று அன்றைக்கே மெட்ராஸுக்கு ரயிலேற்றினார். மூன்று வாரம் தகவலே இல்லை. ஒருநாள் முருகேசன் மட்டும் கண் கலங்க உள்ளே வந்தான். பெரியவர் போய்விட்டார் என்றே நினைத்தேன். வாசலில் யாரோ வண்டிக்காரரை அதட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், ராமசாமி!

"ஆப்பரேசன் முடிஞ்சு கண்ணத் தொறந்ததும், 'ஏலே முருகேசா, பூவுக்குத் தண்ணி பாய்ச்சாம இங்க என்னடா பண்றே'ன்னு பேரச் சொல்லித் திட்டிட்டாரு, நர்சம்மா!" என்றான் முருகேசன்.

நாலு வருஷத்தில் நான் கற்ற மூளை வைத்தியம் இம்புட்டுதான்: மனுஷன் வீட்டாரைத் திட்ட ஆரம்பித்துவிட்டால் முக்கால்வாசி குணமாகிவிட்டான் என்று அர்த்தம்.