அயனம்பாக்கத்துத் தண்ணி ஈசல்

ஏரிக்கரையில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் பிரபு. பொள்ளாச்சிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மேனாம்பேட்டில் ஃபிளாட்டில் குடியிருப்பு. இன்னொருத்தி கன்னியம்மா, அந்த ஏரியில் வலை வீசி மீன் விற்கிறவள். மூன்றாவது நான், ஏகாம்பரம், ஆட்டோ ஓட்டுகிறேன்.

ஞாயிறு காலை ஐந்தே காலுக்கு நானும் பிரபுவும் மேனாம்பேட்டிலிருந்து ஆட்டோவில் கிளம்பினோம். எஸ்டேட், அத்திப்பட்டு, பிறகு ஏரி. ஆறு கிலோமீட்டர். வழியில் டீ, பதினைந்து ரூபாய். முந்தின நாள் மழை. ரோட்டில் தண்ணீர் நின்றது.

பிரபு தூண்டிலில் புழு வைக்க மாட்டார். முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து எறிவார். எந்தப் பூச்சி எந்த நேரத்தில் தண்ணீரிலிருந்து கிளம்புகிறதோ, அதே மாதிரி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மீன் திரும்பியும் பார்க்காது.

இரண்டு மாதம் முன்பு என்னைக் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, இந்த ஏரியில எந்தப் பூச்சி எப்ப வருமுங்க?"

நான் அந்தக் கரையில் பிறந்தவன். என் அப்பா அந்தத் தண்ணீரில் நாற்று நட்டவர். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தட்டான் என்றேன், ஊசித்தட்டான் என்றேன். அது யாருக்கும் தெரியும். கொசுவைச் சொன்னால் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன். பிறகு போகும்போதெல்லாம் ஒரு பெயர் சொன்னேன். கடைசியாகத் தண்ணி ஈசல். மழைக்கு மறுநாள் விடியலில் ஏரியிலிருந்தே கிளம்பும் என்றேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இதுவரை ஒரு மீன்கூட அவருக்கு மாட்டவில்லை. அடுத்த வாரம் அவருக்குப் புனே மாற்றல். இதுதான் கடைசி ஞாயிறு.

ஐந்து நாற்பதுக்கு ஏரி. கன்னியம்மா வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணாத்தே, சவாரி ஏரிக்கே வந்துகீது?"

பிரபு தண்ணி ஈசல் என்று கட்டிவந்த, இறக்கை வைத்த பழுப்புப் பூச்சியை எறிந்தார். ஏரி முழுக்க மீன் மேலே வந்து வாய் வைத்தது. வட்டம் வட்டமாகத் தெரிந்தது. அவர் பூச்சியை மட்டும் தொடவில்லை. ஆறே முக்கால் ஆகிவிட்டது.

"இன்னா நைனா, ஜிலேபி மீனுக்கு இம்மாம்பெரிய இறக்கை காட்டிகினு கீற? கோயி வருதுன்னு ஓடிடப் போவுது," என்றாள் கன்னியம்மா.

"தண்ணி ஈசலுங்க்கா. இன்னைக்கு எத்தன மணிக்குங்க கெளம்பும்?"

"தண்ணி ஈசலா? எவன் சொன்னான்?"

"அண்ணாதானுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆட்டோவைப் பார்த்தேன்.

"அது... வந்தா வரும் நைனா," என்றாள்.

எனக்காகச் சொன்னாள். வெயில் ஏறுமுன்பே முகம் சுட்டது.

பிறகு கையால் தண்ணீரை அள்ளிக் காட்டினாள். கறுப்பு நூல் துணுக்கு மாதிரி ஒரு பூச்சி மிதந்தது.

"இத்த பாரு. கடிக்காத கொசு. வெடியறப்ப மேல வந்து சட்டைய கயட்டிப் போட்டுட்டு பறந்துடும். அப்பத்தான் ஜிலேபி துன்னும்."

பிரபு அங்கேயே உட்கார்ந்து கறுப்பு நூலில் சின்னதாக ஒன்று கட்டினார். கட்டி முடித்தபோது ஏழே கால். வெயில் ஏறிவிட்டது. தண்ணீரில் ஒரு வட்டம்கூட இல்லை.

எட்டு மணிக்குத் திரும்பினோம். அத்திப்பட்டு தாண்டி ஓரமாக நிறுத்தினேன்.

"சார், தண்ணி ஈசல நான் கண்டதே இல்ல. நானாத்தான் சொன்னேன்."

பிரபு நோட்டைத் திறந்தார்.

"மத்ததெல்லாமுங்க?"

அதுவும் பெரும்பாலும் அப்படித்தான் என்றேன். அவர் நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

"இந்த நோட்ட இங்க மீன் பிடிக்கறவங்களுக்குக் குடுத்துட்டுப் போலாம்னு இருந்தனுங்க. பொய்ய நீங்களே அடிச்சுக் குடுங்ண்ணா."

முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்: சொன்னவர், ஏகாம்பரம் அண்ணா, ஏரிக்கரையில் பிறந்தவர்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான். எழுத்துக் கூட்டிப் படித்து ஒவ்வொன்றாக அடித்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரில் இருந்தது பதினொரு பூச்சி.

மிஞ்சியது இரண்டு. தட்டான், ஊசித்தட்டான்.