டூரிங் கார் புண்ணியாளன்

நேற்று தொலைக்காட்சியில் நரைத்த தலையோடு ஒரு வெளிநாட்டுக்காரர் கையசைத்தார். டூரிங் கார் பந்தயங்களில் பலமுறை வென்றவராம். அந்த முகத்தைப் பார்த்ததுமே பெட்ரோலும் ஊதுபத்தியும் கலந்த மணம் என் மூக்கில் ஏறியது.

தொண்ணூறுகளில் என் சித்தப்பா பனச்சமூட்டில் டூரிஸ்ட் டாக்சி ஓட்டினார். பத்திரிகையில் வந்த இவர் படத்தை வெட்டி ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒட்டியிருந்தார்.

"அவனும் டூரிங் கார், நானும் டூரிங் கார். ஒரே தொழிலாக்கும் மக்கா" என்பார்.

படத்தில் பந்தயக்காரரின் வெள்ளை அங்கி, கழுத்தில் வெற்றி மாலை, தலைக்குப் பின்னால் வெளிச்சம். போதாக்குறைக்குச் சித்தப்பா காலையில் ஊதுபத்தியும் காட்டுவார். ஏறுகிறவர்கள் யாரோ புண்ணியாளன், வேதக்கோயில் புனிதர், என்று கும்பிட்டார்கள். சித்தப்பா யாரையும் திருத்தவில்லை.

பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குச் சித்தப்பாதான் கொண்டுபோனார். துணிப்பையோடு நான் முன்னால் உட்கார்ந்தேன். கார் பறந்தது. ஒவ்வொரு வளைவிலும் அக்கா அந்தப் படத்தைப் பார்த்து அலறினாள்.

"எனக்க புண்ணியாளா, இவர மெதுவா ஓட்டச் சொல்லும்!"

பந்தயக்காரரிடம் அப்படியொரு வரம் கேட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனால் வரம் கிடைத்தது. அடுத்த வளைவில் ஒரு கோயில் யானை சாலையை அடைத்துக்கொண்டு நடந்தது. அதன் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா அந்தப் படத்துக்கு நேர்ந்து மெழுகுதிரி கொளுத்தினாள்.

நேற்று அவளும் என் பக்கத்தில்தான் இருந்தாள். முகத்தை அடையாளம் கண்டு சிலுவை போடப் போனவள், அவர் பேசத் தொடங்கியதும் கையைப் பாதியில் நிறுத்தினாள்.

"புள்ளே, புண்ணியாளன் இன்னும் சாவல்லியா?"