வெண்ணெய்க்கும் கொண்டைக்கடலைக்கும் நடுவே செங்கோடன் மச்சான்

எங்கள் செங்கோடன் மச்சான் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் அவருக்குத் தீனி கலக்கும் வேலை. ஆறாயிரம் முட்டைக்கோழிகள். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் எல்லாவற்றையும் எடை போட்டுக் கொட்டி மண்வெட்டியால் புரட்டுவார். வேலை முடிந்த பிறகும் கண் சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று பார்ப்பார். "இதுல புரதம் பத்தாதுங்க" என்பார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் சோறு இறங்காது.

முன்பு அவர் இப்படி இல்லை. என் அக்கா வசந்தாமணிக்கு எண்பதாம் வருஷம் முதல் குழந்தை பிறந்தது. புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டில்தான் பிரசவம். நர்ஸம்மா வந்து எடை போட்டபோது ஒன்றரைக் கிலோகூட இல்லை. எட்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. மச்சான் அழவில்லை. மறுநாளே பண்ணைக்குப் போய், வாராவாரம் எடை போடும் கோழிகளைத் தினமும் பிடித்து எடை போட ஆரம்பித்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அடுத்த வருஷம் அக்கா மறுபடி முழுகாமல் இருந்தாள். எங்கள் பக்கம் முதல் பிரசவம் மட்டும்தான் தாய்வீட்டில், இரண்டாவது புருஷன் வீட்டில். ஆனால் மச்சானுக்கு வீடு என்று இருந்தது பண்ணைக்குள் ஓர் அறை. அதனால் ஐந்தாம் மாதமே அம்மா போய் அக்காவைக் கூட்டி வந்துவிட்டாள். இந்தக் குழந்தை தங்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே நினைப்புதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

என் அம்மா சாலம்மாளுக்கு எருமை என்றால் உயிர். பாலில் பாதியைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு மீதியை உறை ஊற்றிக் கடைந்து, எலுமிச்சம்பழ அளவு வெண்ணெயை அக்கா சோற்றில் வைப்பாள். களியிலும் வெண்ணெய், வெறும் கையிலும் வெண்ணெய். புள்ளைத்தாச்சிக்கு வெண்ணெயைவிட வேறென்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. முதல் பிரசவத்துக்கும் இதேதான் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் சைக்கிள் கேரியரில் ஒரு சிப்பம் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே ஐந்து கிலோ கொண்டைக்கடலை. சட்டைப் பையில் மடித்த காகிதம். பண்ணைக்கு வரும் கால்நடை டாக்டர் சுவாமிநாதனிடம் மனிதர் உணவைப் பற்றிய புத்தகம் ஒன்று இருந்ததாம். அதிலிருந்து எழுதி வந்திருந்தார்.

"அத்தை, நூறு கிராம் வெண்ணெயில எம்பது கிராம் கொழுப்புங்க. புரதம் ஒரு கிராம்கோடத் தேறாதுங்க. அதே நூறு கிராம் கொண்டைக்கடலையில பதினேழு கிராமுங்க. இரும்புச்சத்தும் இருக்குது. புள்ளை வளர்றதுக்குப் புரதந்தானுங்க வேணும்."

அம்மா மத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நான் எம்புள்ளைக்கு இத்தனை நாளா என்னத்தைங்க போட்டேன்?"

"வெறும் கொழுப்புங்க."

மாப்பிள்ளை என்பதால் அம்மா வாயை அடக்கிக்கொண்டாள். முகம் சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. மச்சான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே வசந்தா தட்டுல வெண்ணெய் படக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீரே குடித்தார். அந்தக் காகிதத்தை நான் பிறகு பார்த்தேன். கொழுப்பு, புரதம், இரும்பு என்ற கட்டங்களை மட்டும்தான் எழுதி வந்திருந்தார். சக்தி என்று இன்னொரு கட்டம் புத்தகத்தில் இருந்திருக்கிறது. வெண்ணெய்க்கு எழுநூறு கலோரிக்கு மேல், கடலைக்கு அதில் பாதி. பண்ணையில் விலை கூடிய சரக்கு புண்ணாக்கும் கருவாடும்தான், முதலாளி முதல் கூலியாள் வரை பேச்செல்லாம் புரதம்தான். அந்தப் பழக்கத்தில் மச்சான் கண்ணுக்குச் சக்திக் கட்டம் தெரியவே இல்லை.

அன்றிலிருந்து அக்காவுக்குக் காலையில் வேகவைத்த கடலை, மதியம் கடலைக் குழம்பு, சாயங்காலம் சுண்டல். ஒருநாள் விட்டு ஒருநாள் மச்சான் வேலை முடிந்ததும் பதினைந்து கிலோமீட்டர் மிதித்து வருவார். வந்ததும் கிண்ணத்தைப் பார்ப்பார். மிச்சமிருந்தால், "இதையுந் தின்னு புள்ள" என்பார். தின்று முடிக்கும் வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார். அம்மா சமையல்கட்டில் பாத்திரங்களை உருட்டுவாள். அவர் சைக்கிள் ரோடு ஏறியதும் வெண்ணெயோடு வந்து நிற்பாள். அக்காவுக்கு வயிறு உப்பும், நெஞ்சு கரிக்கும். இரண்டையும் முழுசாகத் தின்ன முடியாது. மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு வராது. எனக்கு மூன்று பேர் மேலும் கோபம் வந்தது.

ஏழாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா அக்காவை எடை போட்டார். நாற்பத்தொரு கிலோ. போன மாதமும் அதே நாற்பத்தொன்று.

"கூடவே இல்லையே. ஒழுங்கா சாப்பிடறியா, இல்லையா?" என்று அதட்டினார்.

மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அப்ப கடலையை இன்னுங் கூட்டோணும்" என்றார். அப்போதே சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

அந்த மாதம்தான் கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய மக்காச்சோள லாரிகள் மழையில் நின்றுபோயின. பண்ணையில் சோளம் தீரும் நிலை. மச்சான் தானாகவே ஒரு முடிவு செய்தார். சோளத்தைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் புண்ணாக்கைக் கூட்டிப் போட்டார். கோழிகள் இன்னும் கொழுக்கும் என்று நினைத்தார். பத்து நாளில் கோழிகள் இளைத்தன, முட்டை குறைந்தது. டாக்டர் சுவாமிநாதன் வந்து தீனியை அள்ளிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"யாருய்யா உன்னை இப்படிக் கலக்கச் சொன்னது? அடுப்புக்கு விறகு இல்லைன்னா கதவைப் பேத்து எரிப்பியா? சக்திக்குச் சோளம் இல்லைன்னா கோழி அப்படித்தான் புரதத்தை எரிச்சுத் தள்ளும். உடம்புல எப்படி ஒட்டும்?"

மச்சான் மண்வெட்டியை அப்படியே போட்டார். கையில் தவிடு ஒட்டியிருக்க, உச்சிவெயிலில் மிதித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது.

"அத்தை, வெண்ணெய் இருக்குதுங்களா?"

அம்மா இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்தது. "வெறும் கொழுப்புன்னீங்களே மாப்ளை, அது இப்ப எதுக்குங்க?"

"ரெண்டும் வேணுங்க. நாந்தான் ஒரு கட்டத்தை உட்டுப்போட்டேன். கடலை மட்டும் போட்டு அவளை இளைக்க வெச்சுட்டேனுங்க."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே அம்மா வெண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே ஓடினாள். மச்சான் கடலைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். இரண்டு பேரும் அக்கா முன்னால் ஆளுக்கொரு கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா இரண்டையும் தள்ளிவிட்டாள். அவள் சத்தம் போட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"போதுமுங்க! நான் என்ன உங்க பண்ணைக் கோழியா? இந்த ரெண்டு மாசத்துல பசிச்சு ஒரு வாய் தின்னிருக்கேனா? ஒவ்வொரு வாய்க்கும் இது புள்ளையைக் காப்பாத்துமா காப்பாத்தாதான்னு பயந்துதான் முழுங்கறேன். நீங்க வந்து நின்னா தொண்டை அடைக்குது. அம்மா வந்து நின்னா கொமட்டுது. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தராச்சுங் கேட்டீங்களா?"

மச்சான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "என்ன புள்ள வேணும்?"

"கம்மஞ்சோறும் மோரும். தொட்டுக்க ஊறுகாய். நான் திங்கறப்ப நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போயிருங்க."

அன்று அக்கா இரண்டு உருண்டை தின்றாள். மோருக்குப் பிறகு அவளே கொஞ்சம் வெண்ணெய் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் ஒரு கைப்பிடி சுண்டலும். அடுத்த மாதம் நர்ஸம்மாவின் தராசு நாற்பத்துமூன்றரை காட்டியது. மச்சான் வந்தால் நான் அவரைக் கிணற்றடிக்கே அனுப்பிவிடுவேன். அங்கே எருமையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பார்.

தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. இந்தமுறை சுகாதார நிலையத்தில். இரண்டு கிலோ எழுநூறு. நர்ஸம்மா சொன்னதும் அம்மா மாரியம்மனைக் கும்பிட்டாள், நான் அழுதேன். மச்சான் மட்டும் கதவோரம் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். எட்டு நாளும் அப்படித்தான் இருந்தார். ஒன்பதாம் நாள் நர்ஸம்மா வீட்டுக்குப் பார்க்க வந்தபோது அவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கோணுங்க. மொதல் கொழந்தைக்கு வெண்ணெய் மட்டும் குடுத்தோம். இதுக்கு ரெண்டுங் குடுத்தோம். அப்ப, அன்னைக்கே நான் கடலை வாங்கிக் குடுத்திருந்தா அது பொழைச்சிருக்குமுங்களா?"

நர்ஸம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதையா இத்தனை நாளா மனசுல வெச்சிருந்தீங்க? அது ஏழாம் மாசத்துலயே பொறந்துருச்சுங்க. மூச்சுவிடற அளவுக்கு நெஞ்சு முத்தலை. அப்பவே சொன்னேன், நீங்க இருந்த நிலைமையில யாரும் காதுல வாங்கலை. வெண்ணெயும் கடலையும் நல்லதுதான். ஆனா அன்னைக்கு எதைக் குடுத்திருந்தாலும் அது தங்கியிருக்காது."

"அப்ப ஆறாயிரம் கோழிக்குத் தீனி போட்டுட்டு எங்கொழந்தையைப் பட்டினி போட்டுக் கொன்னவன் நானில்லீங்களா?"

"இல்லைங்க. யாருமே இல்லை."

மச்சான் சுவரில் சாய்ந்து, சின்னப்பிள்ளை போல வாய்விட்டு அழுதார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அக்கா பால் கொடுத்துக்கொண்டிருந்த குழந்தையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"நீங்களா? நான் என்னாலதான் போச்சுன்னு நெனைச்சுட்டிருந்தேனுங்க" என்றாள்.