அமெரிக்க மதுவிலக்கும் எங்கள் கார் டிக்கிகளும்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் லூயிஷாமில் இருந்தபோது, நான் அமெரிக்க வரலாறு படித்தேன். ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கத்தான் போனேன். அந்த வகுப்பு நிரம்பிவிட்டது. என் ஷிப்ட் முடிந்து போகக்கூடிய நேரத்தில் இடமிருந்த ஒரே வகுப்பு, இரண்டு உலகப்போர்களுக்கும் இடையில் அமெரிக்கா எப்படி இருந்தது என்பதைப் பற்றியது. அதால் உமக்கு என்ன பிரயோசனம் என்று கணவர் கேட்டார். வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பிரயோசனம் என்றேன்.

படிப்பித்தவர் ஒரு வேல்ஸ்காரர். முதல் வகுப்பிலேயே, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று அளவு வைத்து அமெரிக்கா கதவைச் சாத்திய கதையைச் சொன்னார். ஆசியாக்காரருக்கு அனேகமாக இடமே இல்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் இருந்த எனக்கு அது பழைய கதையாகத் தெரியவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் அடுத்த வகுப்புக்கும் போனேன்.

அடுத்தது மதுவிலக்கு. நாடு முழுவதும் மதுவைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பிறகு நடந்ததைக் கேட்டு நான் திறந்த வாயை மூடவில்லை. டாக்டரிடம் துண்டு எழுதி வாங்கி மருந்துக்கடையில் விஸ்கி வாங்கினார்களாம். திராட்சைச் சாற்றைக் கட்டியாக்கி விற்றார்களாம். தண்ணீரில் கரைத்து வைத்தால் இது வைனாகிவிடும், ஆகையால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று அதிலேயே எச்சரிக்கையும் போட்டார்களாம். சட்டத்துக்குக் கை தூக்கிய அரசியல்வாதிகளே வீட்டில் ஒளித்துக் குடித்தார்களாம்.

"இவர்களுக்கு மூளையே இல்லையா?" என்று கேட்டேன்.

"உங்கள் ஆட்கள் எப்படி?" என்றார் அவர்.

எங்கள் தமிழ்ச் சங்கமும் அப்போதுதான் ஒரு மதுவிலக்குக் கொண்டுவந்திருந்தது.

சங்கம் கவுன்சில் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. விழாக்களும் அங்கேதான். முன்பெல்லாம் ஆண்கள் சமையலறைக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு பியர் குடிப்பார்கள். முடிந்ததும் வெறும் டின்களைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு பொங்கல் விழாவில் இரண்டு பேர் வெறியில் தங்களுக்குள் அடிபட்டு மைக்கை உடைத்தார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில், இனி எந்த விழாவிலும் குடி கூடாது என்று தீர்மானம் வந்தது. பெண்கள் எல்லோரும் கை தூக்கினோம். மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த ஆண் கையைக் கீழே வைத்திருப்பான்? அவர்களும் தூக்கினார்கள்.

அடுத்த விழாவில் மேசை இல்லை. கார் நிறுத்துமிடத்தில் டிக்கிகள் திறந்தன. பியரை ஒளிப்பது கஷ்டம் என்று விஸ்கிக்கு மாறினார்கள். அதைக் கோலாவில் கலந்து, முன்வரிசையில் நல்ல பிள்ளைகள் மாதிரி இருந்து குடித்தார்கள். என் கணவரும் அதில் ஒருவர். வெறும் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே, மண்டபத்து வேலிச் செடிகளுக்குள் எறிந்தார்கள். செயற்குழு இரண்டு பேரைக் காவலுக்கு விட்டது. டிக்கி டிக்கியாகப் பார்க்கப் போன காவலர்கள் டிக்கி டிக்கியாகக் குடித்துவிட்டு வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மண்டபப் பொறுப்பாளர், ஒரு வெள்ளைக்காரர், பெரிய கறுப்புப் பையொன்றை வகுப்பு வாசலில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே முழுக்கப் போத்தல். வேலிக்குள் இன்னொரு தடவை கண்டால் விழா மட்டுமல்ல, வகுப்பும் இங்கே நடக்காது என்றார். என் மகள் வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். சனிக்கிழமை மற்றப் பிள்ளைகளோடு இருக்கும்போதுதான் அவள் வாயில் தமிழ் வரும். அந்த வாடகைக்கு வேறு மண்டபம் கிடைக்காது. காவலைக் கூட்டுவோம் என்றார் சங்கத் தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதையெல்லாம் வேல்ஸ்காரரிடம் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"சிரித்தது போதும். அமெரிக்காக்காரர் கடைசியில் அந்தச் சட்டத்தை எப்படி நீக்கினார்கள்?" என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை. குடிக்கிறவன் வெட்கத்தில் கேட்கமாட்டான். குடிக்காதவன் ஏன் கேட்கப்போகிறான்?

பொருளாதாரம் விழுந்ததும் அரசுக்கு மது வரி தேவைப்பட்டது ஒரு காரணம் என்றார். இன்னொரு காரணம் பெண்கள். பிள்ளைகளின் நன்மைக்கு என்று சட்டத்தை ஆதரித்த பெண்களிலேயே சிலர், அதே பிள்ளைகளின் நன்மைக்கு அதை நீக்குங்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்களாம். அவர்களே கேட்டபிறகு அரசியல்வாதிகளுக்கு என்ன பயம்? பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எழும்பினேன்.

"அந்தத் தீர்மானத்தை எடுத்துவிடுங்கோ."

"எந்தத் தீர்மானம், தங்கச்சி?" என்றார் தலைவர்.

"குடி கூடாது எண்ட தீர்மானம். மேசையைத் திரும்பப் போடுங்கோ."

பக்கத்தில் இருந்த அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தார். "உமக்கென்ன விசரே? இரும்."

நான் உட்காராமல் தலைவரைப் பார்த்தேன். "அண்ணை, நீங்கள் குடிக்கிறேல்லையோ?"

"நானோ? சிவ சிவா!"

"அப்ப போன விழாவிலை உங்கடை கோலா ஏன் அப்பிடி மணத்தது?"

"அது டயட் கோலா, தங்கச்சி!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மண்டபம் சிரித்தது.

"சிரியாதேங்கோ. வேலிக்குள்ளை இன்னொரு போத்தல் கிடந்தால் பிள்ளையளுக்கு வகுப்பு இல்லை. மேசை பின்னுக்கு வேண்டாம். வாசலிலை, தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்திலை போடுங்கோ. பியர் மட்டும். பொம்பிளையள் நாங்கள் நிண்டு குடுக்கிறம். வெறும் டின்னைத் திருப்பித் தந்தால்தான் அடுத்தது."

அக்கா சேலையை விட்டார். "ஆளுக்கு எத்தினை?"

"ஆளைப் பாத்துக் குடுப்பம்."

முதலில் கை தூக்கியது அந்த அக்காதான். பிறகு பெண்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஆண்களில் பாதிப் பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் எதிர்த்துக் கை தூக்கினார்.

"ஏனப்பா எதிர்த்தனீங்கள்?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"உம்மிட்டைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறதைவிட மதுவிலக்கு திறம்."

தீர்மானம் நிறைவேறியது. சித்திரை விழாவுக்கு வாசலில் மேசை போட்டோம். ஆண்கள் வந்து, ஒரு டின்னை வாங்கி, பக்கத்தில் தேத்தண்ணி குடிக்கும் மாமிமாருக்கு வேலை நிலவரம் சொல்லிக்கொண்டு குடித்தார்கள். இரண்டாவது டின்னுக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். டிக்கியைத் திறக்கப்போன ஒருவரின் பின்னால் அக்கா வெறும் டின் போடும் பையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றார். அவர் டிக்கியைச் சாத்திவிட்டு வந்தார்.

விழா முடிந்ததும் பொறுப்பாளர் வேலி நீளத்துக்கு நடந்து, காலால் செடிகளை விலக்கிப் பார்த்தார். நாங்கள் குளிரில் அவருக்குப் பின்னால் நடந்தோம். மிக்சர் பை ஒன்றும் ஒரு பிள்ளையின் ஒற்றைக் கால் சப்பாத்தும் கிடந்தன. அவற்றை எடுத்து என்னிடம் தந்தார். பிறகு, வரும் சனிக்கிழமை வகுப்புக்கான சாவியையும் தந்தார்.

தலைவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். நான் சாவியை என் கைப்பைக்குள் போட்டேன்.