அப்பா மீசை வளர்த்த வருடம்

தங்கை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, நான், முசரவாக்கத்திலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்த சித்தப்பா, பக்கத்து வீட்டுக் கண்ணம்மா அத்தை. இல்லாதவர் அப்பா. அன்று அமாவாசை, தறிக்கு விடுமுறை. பட்டு கொடுக்கும் முதலாளியின் கடையும் மூடியிருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் அப்பா, "மொதலாளி கூப்ட்டாரு" என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அப்பாவின் உழைப்பையும் நேர்மையையும் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எதை எழுதுவது என்று தங்கையிடம் கேட்டேன். "நம்ம வீட்ல மொதல்ல படிச்சவன் நீதானே அண்ணா, நான் வந்த கதையை எழுது. அப்பா இருந்தா அதைத்தான் எழுதச் சொல்லுவாரு" என்றாள். அதை எழுதினால் அப்பாவின் பொறாமையை எழுதாமல் தீராது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா செவிலிமேட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, அடுத்தவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடத்து வாசற்படியை முதன்முதலில் மிதித்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். திருமணத்துக்குப் பிறகு பிள்ளையார்பாளையத்தில் குடியேறி, சொந்தமாக ஒரு தறி போட்டார்.

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்பவர் உடலுக்கு நாடா, அதாவது ஊடுநூலைக் கொண்டு ஓடும் கட்டை, விட, பக்கத்தில் இருப்பவர் கரைக்கு நாடா விட வேண்டும். ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நின்றுவிடும். அந்தப் பக்கத்து இடம் அம்மாவுடையது. சண்டை வந்தால் அம்மா வாயைத் திறக்கமாட்டார். நாடாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். அப்பாவால் ஓர் இழைகூட நகர முடியாது. "சரி, நான்தான் தப்பு. உடு நாடாவ" என்பார். அவர்களுடைய குடித்தனம் அப்படித்தான் நடந்தது.

நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் தங்கை பிரசவத்தில் இறந்துபோனார். மூன்று பையன்களையும் நிலத்தையும் கவனித்துக்கொண்டு கைக்குழந்தையையும் வளர்ப்பது அவருடைய கணவரான சித்தப்பாவால் ஆகாத காரியம். பெண் குழந்தைக்கு ஏங்கியிருந்த அம்மா கேட்டார். சித்தப்பா குழந்தையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டுக் கண்டிப்பாக ஒன்று சொன்னார்.

"அண்ணி, இப்ப உட்டுட்டுப் போறேன். ஆனா அண்ணன் தன் வாயால சரின்னு சொல்லணும். மனசில்லாத வீட்ல பொண்ணு வளரக் கூடாது. தை பொறந்ததும் வரேன். அப்பவும் சொல்லலன்னா வாலாஜாவுல எங்க அக்கா கேட்டுக்கினு இருக்குது, அங்க குடுத்துடுவேன்."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவோ ஒவ்வொரு மாதப் பிறப்பையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

குழந்தை சுலபமாக ஒட்டவில்லை. மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளாமல் பால் பவுடர் டப்பா வாங்கினோம். அதன்மேல் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து, இத்தனை கரண்டிக்கு இவ்வளவு தண்ணீர் என்று சொல்வது என் வேலை. அம்மாவைத் தவிர யார் தொட்டாலும் உடம்பை வில்லாக வளைத்து அழுவாள். அம்மா தறியில் வந்து உட்கார்ந்து நாலு இழை ஓடுவதற்குள் தூளியிலிருந்து சத்தம் வரும். அம்மா எழுந்து ஓடுவார். அப்பா நாடாவைக் கையில் பிடித்தபடி காத்திருப்பார்.

குழந்தைக்கு அப்பா வைத்த பெயர் "விருந்தாளி".

"என்னா, உங்க ஊரு விருந்தாளி எழுந்தாச்சா? இந்த வீட்ல எனக்குப் பசிச்சா நானும் தொண்டை கிழியக் கத்தணும் போலிருக்குது."

"கத்துங்களேன், யாரு வேணாம்னா? ஆனா இடுப்புல தூக்கி வெச்சிக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்" என்பார் அம்மா.

குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் நாளில் தவறாமல் அப்பாவுக்குத் தலைவலி வரும். "எனக்கும் உச்சியில கொஞ்சம் எண்ணெ வெச்சா தேவலாம்" என்று வந்து மணைக்குப் பக்கத்தில் நிற்பார். குழந்தைக்குச் சாம்பிராணி போட்டால், நெடி தாங்கவில்லை என்று தெருவுக்குப் போய்விடுவார். அம்மா காதில் விழும்படி என்னிடம், "உங்கம்மாவுக்கு நான் ஒருத்தன் இருக்கறது ஞாபகம் இருக்குதான்னு கேட்டுச் சொல்லுபா" என்பார். பல வருடங்கள் தோளோடு தோள் உட்கார்ந்து நெய்தவர் திடீரென்று எழுந்துபோனால் எப்படி இருக்கும் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அப்பாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

சேலை தவணைக்குள் முடியாமல் போகவே, கோர்வைக்கு ஆள் எடுத்தார்கள். வந்தவர் ராஜுலு மாமா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவர், பெரிய மீசைக்காரர். அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, தூளிக் கயிற்றைத் தம் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டார். கை நாடா விடும், கால் தூளி ஆட்டும், வாய் குழந்தையோடு பேசும். தங்கம் என்பதைத் தெலுங்கில் 'பங்காரு' என்று சொல்லிக் கொஞ்சுவார்.

"பங்காரு, ஏம்மா அழுவுற? உங்கப்பா நெய்யறதப் பாத்தா எனக்கும் அழுகைதான் வருது. என்னா செய்யறது, பொறுத்துக்கணும்."

அப்பா, "கரையைப் பாத்து நாடாவ உடு" என்பார்.

சில மாதங்களில் குழந்தை ராஜுலு மாமாவின் குரல் கேட்டால் அழுகையை நிறுத்தத் தொடங்கினாள். பிறகு சிரித்தாள். கேழ்வரகுக் கூழை அம்மா ஊட்டினால் துப்புகிறவள், அவர் ஊட்டினால் விழுங்கினாள். மடியில் ஏறி அவர் மீசையைப் பிடித்து இழுப்பாள். அப்பாவைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்போது அப்பாவின் தலைவலி வேறு பக்கம் மாறியது.

"அவன்கிட்ட அப்படி என்னா கீது? எதுக்கு அவனைப் பாத்தா மட்டும் சிரிக்குது?"

"அவரு கொஞ்சுறாரு, அது சிரிக்குது. அந்த மீசை வேற அதுக்கு வெளையாட்டு சாமான்" என்றார் அம்மா.

அந்த வாரத்திலிருந்து அப்பா மேலுதட்டைச் சிரைப்பதை நிறுத்திவிட்டார். மலரின் அட்டைப்படத்தில் நீங்கள் பார்க்கும் மீசை அப்படி வந்ததுதான். கேட்டவர்களிடமெல்லாம், "பிளேடு வெலை ஏறிடுச்சிபா" என்று சொன்னார். ராஜுலு மாமா விடவில்லை. "என்னாண்ணா, கூத்துல வேஷம் கட்டப் போறீங்களா?" என்று கேட்டார்.

மீசை வளர்ந்தும் பலன் இல்லை. ஒரு நாள் வளையல்காரர் வாசலில் வந்து நின்றார். புது முகத்தைப் பார்த்துப் பயந்த குழந்தை தவழ்ந்து, அப்பாவின் காலைத் தாண்டிப்போய் ராஜுலு மாமாவின் காலைக் கட்டிக்கொண்டாள். வளையல்காரர் அவரைப் பார்த்து, "பொண்ணுங்க எப்பவும் அப்பன் பக்கந்தான்" என்று சிரித்தார். அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

தை பிறந்தது. சித்தப்பா சொன்னபடியே வந்துவிட்டார். அம்மா குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. சித்தப்பா தயங்கித் தயங்கி, "அண்ணா, என்னா சொல்றீங்க?" என்று கேட்டார். அப்பா தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

ராஜுலு மாமாதான் பேசினார். விளையாட்டாகச் சொன்னாரோ, மனசாரத்தான் சொன்னாரோ, இன்றுவரை தெரியவில்லை.

"அண்ணாவுக்கு மனசில்லன்னா வாலாஜாவுக்கு எதுக்கு? எங்கிட்ட குடுங்க. ஆரணியில எங்க அக்காவுக்குப் புள்ள இல்ல. பங்காரு எங்கிட்ட நல்லா ஒட்டிக்கினு கீது."

அப்பா தறியிலிருந்து எழுந்த வேகத்தில் நாடா கீழே விழுந்தது.

"யாருடா மனசில்லன்னு சொன்னது? நான் சொன்னனா? எவன் காதுல உழுந்துச்சி?"

அம்மாவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் வீறிட்டாள், முகத்தில் அறைந்தாள். அப்பா கொடுக்கவில்லை. அப்படியே தெருவில் இறங்கி நடந்துவிட்டார். அழும் குழந்தையோடு தெருக்கோடி வரை போவதும் வருவதுமாக இருந்தவரை, தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு வீட்டு வாசலிலும் அவர் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது இருவருக்கும் முகம் சிவந்திருந்தது. குழந்தை விக்கிக்கொண்டே அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

"இது எங்க வீட்டுப் பொண்ணு" என்று சித்தப்பாவிடம் சொன்னார். பிறகு ராஜுலு மாமாவிடம் திரும்பி, "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார். இரண்டு தெரு தள்ளி வேறு தறியில் அவருக்கு இடம் பேசிக் கொடுத்ததும் அப்பாதான். மறுநாள் அம்மா தம்முடைய இடத்துக்குத் திரும்பினார். குழந்தை அப்பாவின் மடியில் இருந்தாள். நெசவு முன்பைவிட மெதுவாகத்தான் ஓடியது. அப்பாவிடம் புகார் எதுவும் இல்லை.

சென்ற ஆண்டு நெஞ்சுவலியால் அப்பா படுத்தபோது, ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் வைத்துத் தள்ளிச்சென்ற எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த கண்ணம்மா அத்தைக்கும், காரியத்துக்கு அரிசியும் காய்கறியும் வண்டியில் அனுப்பிய சித்தப்பாவுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ராஜுலு மாமாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கோர்வைக்கு ஆள் எடுத்தால் முன்பணம் கொடுப்பது வழக்கம். ஆள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும். மாமா விலகியபோது அப்பா அதைக் கேட்கவே இல்லை. அப்பாவின் கடைசி வாரத்தில் அவர் அந்தப் பணத்தைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார். தங்கை அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா அவளைப் பார்த்து, "பங்காரு, நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். அவள் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா தலையணையிலிருந்து எழுந்து உட்காரப் பார்த்தார்.

"பணத்த உள்ள வையி, ராஜுலு. இன்னிக்கு அதைத் திருப்பிக் குடுப்ப, நாளைக்கு வந்து பொண்ணக் கேப்ப. அந்தக் கதையே வேணாம். எடுத்துக்கினு போ."

மாமா துண்டைத் திரும்ப முடிந்துகொண்டார். நாற்பது ரூபாய்.