பன்னிரண்டு வரிகளில் ஒரு குரல்

பெல்மதுளைச் சந்தியில், கல்லூரிக்குப் போக இரத்தினபுரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. ராஜரத்தினம் சேரின் மகள் கௌசல்யா. "மிஸ், அப்பா போயிட்டாருங்க. காலையில தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினேன், எந்திரிக்கல" என்றாள். "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் வந்தது, வழக்கம்போல ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகுதான் நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, சேர் வீட்டுப் பக்கம் போகும் கஹவத்தை பஸ்ஸைப் பிடித்தேன்.

நானும் சேரும் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கும் இரண்டு பேராகப் பதினான்கு வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தோம். அவர் கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், நான் வரக்காப்பொலைப் பக்கத்து ரப்பர் தோட்டம். இரண்டு பேருக்கும் ஒத்துவராது என்பது அவரைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். நான் வினாத்தாளை ஒரு மாதம் முன்பே எழுதி முடிப்பவள். அவர் அச்சுக்குப் போகும் காலையில் எழுதுவார். நான் கத்துவேன், அவர் "வந்துடும்ங்க, வந்துடும்ங்க" என்பார். வந்தும்விடும், அதுதான் எனக்கு எரிச்சல்.

பூரியர் தொடரை அவர் தொடங்கும் விதத்தை அவரிடம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திரும்பத் திரும்ப வருகிற எந்த அலையையும், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், வழவழப்பான சைன், கோசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்பதுதான் விஷயம். எந்த அலை எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்கள் அதற்கு நேரே தொகையீட்டுச் சூத்திரத்தைப் பலகையில் எழுதுவோம். அவர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, தோட்டத்துப் பெரட்டைச் சொல்வார். விடியற்காலையில் களத்தில் முந்நூறு பேர் நிற்கிறார்கள், கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். "கூப்பிட்ட ஆளு மட்டும்தான் பதில் சொல்லணும். மத்தவங்க வாயத் தொறக்கக் கூடாது. சூத்திரம் செய்யிறது அதத்தான். சைன் மூணுன்னு கூப்பிட்டா, அலைக்குள்ள சைன் மூணு எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் பதில் வரும்." சிங்களப் பிள்ளைகளுக்கும் இதையே சிங்களத்தில் சொல்வார். அதற்குப் பிறகு அந்தச் சூத்திரத்தைப் பார்த்து யாரும் பயந்து நான் பார்த்ததில்லை.

இனிச் சொல்லப்போவது, அவர் நினைவாக நான் எழுதும் இதை வாசிக்கிற உங்களில் பலருக்குத் தெரியாது. எழுதலாமா என்று கௌசல்யாவிடம் கேட்டேன். "எழுதுங்க மிஸ், ஒளிக்க என்ன இருக்கு" என்றாள்.

சேரின் மனைவி மரகதம் அக்கா தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்தார். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்று "வா" என்று ஒரே ஒரு சொல்லை நீட்டிக் கூப்பிடுவார். முற்றத்தில் சிதறிக்கிடக்கிற பிள்ளைகள் எல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடும். எட்டு வருடத்துக்கு முன்னால், மூன்றே நாள் காய்ச்சலில் அக்கா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் கருமாதி செய்தார்கள். நானும் போயிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து சேர் என் மேசைக்கு வந்து போனை நீட்டினார். அதில் அக்கா பிள்ளைகளைக் கூப்பிடுகிற ஒரு சின்ன வீடியோ இருந்தது. "இந்த 'வா'வோட இழுவையில இருந்து ஒரே ஒரு அலைய வெட்டி எடுத்துத் தருவீங்களா? குணகங்கள நானே கணிச்சுக்கிறேன்" என்றார். துக்கத்தில் இருக்கிற மனுஷன், ஏதோ வேலையில் மனதைத் திருப்புகிறார் என்று நினைத்து வெட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் கொப்பியில் மூன்று பக்கம் எண்களோடு வந்தார். ஆய்வுகூடத்தில் கணினியில் வரிக்கு ஓர் அலையாக ஒவ்வொரு வரியாகச் சேர்த்தோம். முதல் வரியில் வெறும் விசில். மூன்றாவதில் பாக்டரிச் சங்கு மாதிரி ஒன்று. ஏழாவதில் அது ஒரு தொண்டை என்று தெரிந்தது. பிறகு அவர் மூன்று பக்கத்திலும் மிச்சமிருந்த வரிகளைச் சேர்த்தார், அந்த அறையில் ஒரு பெண் இருந்தாள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வந்துட்டா" என்றார்.

"சேர், இது நல்லதுக்கில்ல, அழிச்சிடுங்க" என்றேன். கேட்டால்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள்களைக் கொடுக்க அவருடைய தோட்டத்து வீட்டுக்குப் போனேன். பிற்பகல். மழை விட்டு மூடுபனி இறங்கி, எதிரில் இருக்கிற தொழிலாளர் லயமே தெரியவில்லை. உள்ளே அந்த ஒலி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நீட்டிக் கூப்பிடுகிறவளும் நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்குவாள். இது வாங்கவில்லை. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, அதே 'ஆ' போய்க்கொண்டே இருந்தது. "ஏன் சேர் நிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டேன். "பூரியர் தொடருக்குப் பொறப்பும் இல்ல, சாவும் இல்லைங்க. எப்பவும் இருந்த மாதிரி, எப்பவும் இருக்கப்போற மாதிரிதான் அது வரும்" என்றார், பாடம் எடுக்கிற குரலிலேயே.

நான் வாசல் பக்கம் திரும்பியபோது அங்கே ஒரு குழந்தை நின்றது. மூன்று வயது இருக்கும். அதன் பின்னால், பனிக்குள்ளிருந்து இன்னும் இரண்டு வந்தன. பிறகு நான்கு. எல்லாம் பிள்ளைமடுவத்துப் பிள்ளைகள். வரிசையாக வந்து நின்று உள்ளே பார்த்தன. ஒருத்தியின் கையில் பிளாஸ்டிக் தட்டு இருந்தது. நான் ஓடிப்போய்க் கணினியின் வயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றதும் அந்தத் தட்டுக்காரப் பிள்ளை மட்டும் அழ ஆரம்பித்தது.

அன்று நான் செய்த தப்பு, வாயை மூடிக்கொண்டு நின்றது. தாய்மார் ஓடி வந்தார்கள். லயத்திலும் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. "கருமாதி முடிஞ்சும் அக்கா போகலீங்களே, புள்ளைகளக் கூப்பிடுறாங்களே" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இது கம்ப்யூட்டர் அம்மா, கணக்கு அம்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சேரும் சொல்லவில்லை. "என்னன்னு சொல்றதுங்க? அவ கொரலுதானே அது" என்றார் பிறகு. தோட்டத்துப் பெரியவர்கள் கூடி, முதல் கருமாதி போய்ச் சேரவில்லை என்று முடிவு செய்து, பூசாரியை வைத்து மரகதம் அக்காவுக்கு இரண்டாம் தரம் கருமாதி செய்தார்கள். ஒருவருக்கு இரண்டு கருமாதி செய்த தோட்டத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கௌசல்யாவுக்கு அப்போது பதினேழு. எங்களைத் தவிர அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். இரண்டாம் கருமாதி அன்று, மற்ற எல்லாரும் போன பிறகு, தகப்பன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி வைத்து, "அம்மாவ விடுங்கப்பா. சத்தியம் பண்ணுங்க" என்றாள். அவர் கற்பூரத்தின் மேல் கை வைத்து அணைத்தார். கணினியில் இருந்ததை அழித்தார், ஆய்வுகூடத்தில் இருந்ததை மறுநாள் நானே அழித்தேன். போனில் இருந்த வீடியோவை அழித்தார். கொப்பியின் மூன்று பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டார். நான் சாட்சி. என்னை பஸ்ஸுக்கு விட வந்தபோது, "அலையில வெட்டு விழுந்த எடத்துல தொடர் எங்க போய் நிக்கும், தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும், அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்கும். "நான் அங்கதாங்க நிக்கிறேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன்.

அடுத்த வருடம் தமிழ்மொழி மாணவர்களுக்காக அவர் எழுதிய பூரியர் தொடர் அறிமுக நூல் வந்தது. கடைசி உதாரணத்தைத் திறந்தேன். 'ஒரு மனிதக் குரலின் ஆ' என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு வரிகளில் குணகங்கள். அடப்பாவி மனுஷா, கற்பூரத்தில் சத்தியம் பண்ணிவிட்டு எங்கேயோ ஒரு பிரதி வைத்திருந்திருக்கிறார், அதை அச்சில் ஏற்றி ஊருக்கே கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் கௌசல்யாவிடம் சொல்ல வேண்டிவரும். "அந்த ஒரு உதாரணத்த மட்டும் நீங்க வகுப்புல எடுங்க" என்று அவர் சொன்னபோது, அவருக்குத் தாங்க முடியவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன். ஏழு வருடம் நான்தான் அதை வகுப்பில் ஒலிக்கவிட்டேன், அக்காவின் குரலுக்கு அன்று ஆய்வுகூடத்தில் வைத்த, நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற அதே மீடிறனில். கொஞ்சம் மெல்லிசாக, குழந்தைக் குரல் போலத்தான் கேட்கும். பன்னிரண்டு வரிதானே, அவ்வளவுதான் வரும் என்று விட்டுவிட்டேன். சிங்களப் பையன்கள் அதற்கு 'ஹொல்மன் பாடம்', பேய்ப் பாடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த ஏழு வருடமும் சேர் மேல் எனக்குள் ஒரு கசப்பு இருந்துகொண்டே இருந்தது. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவரிடம் சீறி விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சேரின் எட்டாம் நாள் படையல் முடிந்ததும் கௌசல்யா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். பெல்மதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள் இப்போது. "மிஸ், அம்மா கொரலு எனக்கு மறந்துபோச்சுங்க. மூஞ்சி ஞாபகம் இருக்கு, கொரலு வரவே மாட்டேங்குது. நான்தானே அப்பாவ அழிக்கச் சொன்னேன். உங்ககிட்ட எதுவும் இருக்குங்களா?" என்றாள். எட்டு வருடமாக இதற்குத் தூங்காமல் இருந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருக்கிறது என்றேன். உன் அப்பா அழிக்கவில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள், அப்பாவைத் திட்டினாள், பிறகு சிரித்தாள்.

மறுநாள் பிற்பகல் ஆய்வுகூடத்துக்கு வந்தாள். பன்னிரண்டு வரியையும் போட்டு, வழக்கமான மீடிறனில் ஒலிக்கவிட்டேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அம்மா இல்லீங்க மிஸ்" என்றாள்.

"நல்லாக் கேளும்மா. வரி குறைவு, அதனாலதான் மெல்லிசா இருக்கு."

"இல்லீங்க. மறந்துட்டேன்தான், ஆனா இது அம்மா இல்ல. யாரையோ சின்னப் புள்ளையாக்கி வச்ச மாதிரி இருக்கு."

புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் முதல் தடவையாக அந்த அட்டவணையை ஒழுங்காகப் பார்த்தேன். மீடிறன் என்ற கட்டத்தில் சேர் எண் எதுவும் போடவில்லை. 'மாணவர் விருப்பம்' என்று எழுதியிருந்தார். குணகங்கள் அலையின் உருவத்தை மட்டும்தான் சொல்லும், அது எவ்வளவு உயரத்தில் ஒலிக்க வேண்டும் என்று சொல்லாது. இதை நானே பதினான்கு வருடம் பலகையில் எழுதியிருக்கிறேன். ஒலி ஓடிக்கொண்டிருக்கவே மீடிறனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். குழந்தை பெண்ணாயிற்று. பெண் கட்டைக்குரலாயிற்று. இன்னும் கொஞ்சம் இறக்கியதும் கௌசல்யா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ராஜரத்தினம் சேர் அறைக்குள் இருந்தார். போய்ச் சேர்ந்து ஒன்பது நாளான மனுஷன், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், மூச்சே வாங்காமல் 'ஆ' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்தியத்தை அவர் காப்பாற்றியிருக்கிறார். அக்காவை உண்மையாகவே எரித்துவிட்டு, உதாரணத்துக்கு ஒரு குரல் வேண்டுமே என்று தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார். ஏழு வருடம் நான் சந்தேகப்பட்ட மனுஷனைத்தான் ஏழு வருடமும் வகுப்பில் ஒலிக்கவிட்டிருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். ஒலிபெருக்கியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

கௌசல்யா வந்தது அம்மாவுக்காக. அம்மா இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் முழுதாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய், தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி அதன் மேல் கையை வைத்தாள்.

"போதும்ப்பா" என்றாள். "நீங்க போங்க."

நான் நிறுத்தினேன்.

புத்தகம் கல்லூரியிடம் இருக்கிறது, கண்ணாடியும் கொப்பிகளும் கௌசல்யாவிடம். அடுத்த தவணையிலும் அந்த உதாரணத்தை நான்தான் எடுப்பேன். மீடிறனைப் பிள்ளைகள் விருப்பப்படி வைக்கட்டும், எந்த உயரத்தில் வைத்தாலும் யாரோ ஒருவர் வருவார். சேர் வருகிற அந்த எண் எனக்குத் தெரியும். அதை நான் எங்கும் எழுதவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. சேரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.