பெரட்டுக் கட்டத்தில் நின்ற பொத்தான்

பயிற்சிப் பட்டறை என்றாலே எனக்கு எரிச்சல். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும், அதோடு சரி. பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் பட்டறை என்று கடிதம் வந்ததும், எங்கள் அதிபர் அதை என் தலையில் கட்டிவிட்டார். நான்தான் தகவல் தொழில்நுட்ப ஆசிரியராம். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை எங்களுடையது. கணினி அறையில் பதினொரு கணினிகள் இருக்கின்றன. அவற்றில் மூன்று வேலை செய்யும். மழை பிடித்தால் மின்சாரம் போய் அந்த மூன்றும் படுத்துவிடும்.

பட்டறையை நடத்த கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். பிள்ளைகள் விளையாட்டை ஆடுவது பெரிய விஷயமில்லை, விளையாட்டை உருவாக்க வேண்டும் என்றார். விதி எழுதுவது, ஆடிப் பார்ப்பது, பிழையைத் திருத்துவது, மறுபடி ஆடிப் பார்ப்பது. இதிலேயே குழுவேலை, தொடர்பாடல், பிரச்சினை தீர்க்கும் திறன் எல்லாம் வந்துவிடுமாம். நாளைக்கு வேலைக்குப் போகும்போது கைகொடுக்குமாம். கணினி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அட்டை போதும் என்றார். கடைசியாக, "விளையாட்டில தோத்தா யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, அதுதான் அதோட அழகு" என்றார். நான் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். அவர்மீது எனக்குக் கோபமில்லை. உண்மையைச் சொன்னால், திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கே கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்புக் கலைப்பிரிவில் அப்போது பத்தொன்பது பேர். நாலைந்து பேராகப் பிரித்து, "லயத்திலிருந்து வேலைக்கு" என்று தலைப்புக் கொடுத்தேன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. வீட்டிலிருந்து புறப்படுகிறவர் கடைசிக் கட்டத்தில் ஒரு தொழிலுக்குப் போய்ச் சேர வேண்டும். இடையில் என்ன நடக்கும் என்பதை அவர்களே யோசிக்க வேண்டும். முதல் வாரம் கிட்டத்தட்ட எல்லாக் குழுவும் பாம்பும் ஏணியும்தான் வரைந்து வந்தது. பாம்புக்குப் பதில் சிறுத்தை போட்டவர்களை நான் பாராட்டவும் செய்தேன்.

ஒரு குழு மட்டும் வேறு மாதிரி. அந்தக் குழுவில் பேச்சு குறைந்த ஒரு பிள்ளை. அளவுகோல் இல்லாமலே நேராகக் கோடு போடுவாள். எங்கள் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் பார்க்க நில அளவையாளர்கள் வந்து முக்காலியில் கருவியை நிறுத்தி மலையை அளந்தபோது, இவள் பாடசாலைக்கு வராமல் இரண்டு நாள் அவர்கள் பின்னாலேயே திரிந்தவள். அன்றிலிருந்து நில அளவையாளர் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவே கிடையாது. புவியியல் படித்து எப்படியாவது அந்தப் பக்கம் போய்விடலாம் என்று நான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்த எப்படியாவது எப்படி என்று எனக்குத் தெரியாது.

டெங்கு ஒழிப்புச் சுவரொட்டி ஒன்றின் பின்பக்கத்தில் அவள் கட்டங்களை வரைந்திருந்தாள். பஸ் வரவில்லை, ஒரு முறை பொறு. ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லை, மூன்று கட்டம் பின்னே போ. பரீட்சையில் சித்தி, மேலே ஏறு. கடைசிக் கட்டங்களில் தாதி, வங்கி, ஆசிரியர் என்று எழுதி, ஒன்றில் மட்டும் எழுதாமல் அந்த முக்காலியை வரைந்திருந்தாள். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பம், குடும்பத்துக்கு நாலு சட்டைப் பொத்தான். முதல் கட்டம் காம்பரா. அதாவது லயத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் அறை. இரண்டாம் கட்டம் பெரட்டு, காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம்.

ஐந்தாம் விதியில்தான் வில்லங்கம் இருந்தது. ஒரு குடும்பத்தின் பொத்தான்களில் ஒன்று எப்போதும் பெரட்டுக் கட்டத்தில் நிற்க வேண்டும். அது நகர்ந்தால் காம்பரா பறிபோய்விடும், அந்தக் குடும்பம் ஆட்டத்தை விட்டே போய்விடும்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். லயத்துக் காம்பரா நம்முடையதில்லை, தோட்டத்துடையது. வீட்டில் ஒருவருடைய பேராவது பெரட்டில் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பேரையும் வெட்டிவிட்டால் காம்பராவைக் கேட்டு ஆள் வரும். எங்கள் பக்கம் இதை யாரும் எழுதி வைத்ததை நான் பார்த்ததில்லை, ஆனால் பேசப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நானும் ஒரு காம்பராவில் பிறந்தவன்தான்.

ஆடிப் பார்த்தோம். நாலு பேர் ஆடினால் நாலு குடும்பத்திலும் ஒரு பொத்தான் கடைசிவரை பெரட்டிலேயே கிடந்தது. மற்ற மூன்றும் போய்ச் சேர்ந்தாலும் ஆட்டம் முடிந்த மாதிரியே இல்லை. யாரும் கைதட்டவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என்னா புள்ள இது? யாருமே முழுசா ஜெயிக்க முடியாத ஒரு ஆட்டமா?"

"மூணு பேரு போறாங்கதானே சேர்."

"அந்த நாலாவது ஆளு?"

"அது நிக்கணும் சேர். நின்னாத்தான் மத்தவங்க போகலாம்."

"அதுக்கு ஒரு வழி கண்டுபிடி. அதைத்தானே பிரச்சினை தீர்க்கிறதுன்னு சொல்றாங்க."

அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். வழி எதுவும் கொண்டு வரவில்லை. "யோசிச்சுப் பாத்தேன் சேர், ஒன்னும் வரல" என்றாள். பட்டறையில் தந்த புள்ளித்தாளில், பிரச்சினை தீர்க்கும் திறன் என்ற இடத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

அதற்குள் பண்டாரவளையில் கண்காட்சி என்று அறிவித்துவிட்டார்கள். அவளுடையதைவிட நல்ல விளையாட்டு எங்களிடம் இல்லை. ஆனால் ஐந்தாம் விதியோடு அதைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் என்றாலே அழுமூஞ்சிகள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம். அதை வெட்கம் என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அதற்கு நான் வைத்திருந்த பேர் வடிவமைப்புக் குறைபாடு.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாள் கீற்றையும் பசையையும் கொடுத்தேன். ஐந்தாம் விதியின் மேல் ஒட்டிவிட்டு, 'எல்லாப் பொத்தான்களும் வெளியேறலாம்' என்று எழுதச் சொன்னேன்.

"நெசமாவா சேர்?"

"நெசமாத்தான். ஒட்டு."

அவள் ஓரம் பிசகாமல் ஒட்டினாள். விரலால் நீவி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் செய்தாள். அப்புறம் அழகான கையெழுத்தில் நான் சொன்னதை எழுதினாள். அந்த வாரம்தான் அவளுடைய அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்து கொட்டி, ஓடும்போது வடிகால் கானுக்குள் விழுந்து இடுப்பு உடைந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். எனக்கு அது தெரியும். பாடசாலையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பசையைக் கொடுத்தேன்.

கண்காட்சியில் எங்களுக்கு முதல் பரிசு. நடுவர் ஒருவர் குனிந்து பார்த்து, "இந்த ஆட்டத்துல கஷ்டமான இடம் எது மகள்?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்படி ஒன்னும் இல்லை சேர், எல்லாரும் போயிரலாம்" என்றாள். நடுவருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. மலையகப் பிள்ளைகளின் தன்னம்பிக்கை என்று மேடையில் அதையே எடுத்துப் பேசினார். கேடயத்தை அதிபர் பிடித்துக்கொள்ள எல்லாரும் படம் எடுத்தோம். அதில் நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன்.

அடுத்த தவணை தொடங்கி இரண்டு வாரம் அவள் வரவில்லை. மூன்றாம் வாரம், தோட்டத்தில் அவள் இருக்கும் டிவிசனுக்கு ஏறினேன். பாடசாலை விட்டு நேரே போனதால் நாலு மணிக்கெல்லாம் லயத்தில் இருந்தேன். அம்மா வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்திருந்தார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

"வாங்க சேர். புள்ள இன்னும் மலையில இருந்து வரல. கொழுந்தைத் தராசுல நிறுத்துட்டுத்தான் வருவா."

நான் என்ன கேட்டேன் என்று சரியாக நினைவில்லை. மூத்த மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறானே, அவனைக் கூப்பிடலாமே என்றேன் போல.

"அவன் வந்தா அந்த வேலை போயிரும் சேர். சின்னவ ஒம்பதாம் வகுப்பு, அவ பேரைப் பெரட்டுல போட முடியுமா? எம் பேரை வெட்டப் போறதா கிளாக்கரய்யா சொல்லிட்டாரு. இந்தக் காம்பராவ உட்டா எங்க போறது?"

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். தலையில் கூடைக் கயிறு அழுத்திய தடம், இடுப்பில் கொழுந்து எடுக்கும்போது சுற்றிக்கட்டும் படங்குச் சாக்கு. என்னைக் கண்டதும் படங்கை அவிழ்த்து மறைக்கத்தான் பார்த்தாள். நான் என்னென்னவோ பேசினேன். உதவிப்பணம் கேட்டுப் பார்க்கலாம், தோட்டத்தை நடத்தும் துரையிடம் அதிபர் பேசுவார், அடுத்த வருடம் தனியாகப் பரீட்சை எழுதலாம். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் என்னைத் தேற்றுவது போல் சொன்னாள்.

"பரவால்ல சேர். ஒருத்தர் நிக்கணும்தானே."

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரிந்த பிள்ளை இல்லை அவள். அப்படிக் குத்தியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

இறங்கி வரும் வழியில் எனக்கு என் அக்கா ஞாபகம். நாங்கள் இருவர்தான். அப்பா நோயில் படுத்தபோது அக்கா பத்தாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. அக்காவுடைய பேர் பெரட்டுக்குப் போனது. நான் படித்தேன், ஆசிரியர் ஆனேன், டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அக்கா இன்னும் அதே காம்பராவில் இருக்கிறாள். என் அனுபவத்தைப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் கஷ்டப்பட்டுப் படித்தேன் என்றுதான் வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். யார் நின்றதால் நான் போனேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஐந்தாம் விதியை வாசித்த நிமிடமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததால்தான் அதை மூடச் சொன்னேனோ என்னவோ.

பாதையோரக் கடை வாசலில் நின்று அக்காவுக்கு அழைத்தேன். "என்னா தம்பி, இந்த நேரத்துல? சாப்டியா?" என்றாள். சும்மாதான் எடுத்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொன்னபடி அதிபர் தோட்டத்துத் துரையிடம் பேசினார். துரை மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம். வீட்டில் ஒரு பேர் இருக்கும்வரை காம்பராவுக்கு எந்தப் பிரச்சினையும் வராது என்றாராம். நான் உதவி கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இரண்டு பதில் வந்தன. இரண்டும் அவள் பாடசாலைக்கு வருகிறாள் என்பதற்கு அத்தாட்சி கேட்டன. அவளுடைய பாடசாலை விடுகைப் பத்திரத்தில் நான்தான் வகுப்பாசிரியராகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த விளையாட்டு இப்போது எங்கள் பாடசாலையின் பெருமை. அலுமாரியில் கேடயத்துக்குக் கீழே இருக்கிறது. யாராவது பார்வையிட வந்தால் எடுத்து விரிப்போம். இந்த வருடம் பத்தாம் வகுப்பின் தொழில் வழிகாட்டல் பாடத்துக்கும் அதையே கொடுக்கச் சொன்னார் அதிபர். போன மாதம் கொடுத்தேன். ஒரு மேசையில் அவளுடைய தங்கை ஆடிக்கொண்டிருந்தாள். அவள் ஆட்டத்தில் கெட்டிக்காரி. பதினைந்து நிமிடத்தில் நாலு பொத்தானையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். கடைசிப் பொத்தான் முக்காலிக் கட்டத்தில் இருந்தது.

நான் மேசைப் பக்கம் போய், பெரட்டுக் கட்டத்தில் விரலை வைத்து, "இங்க யாரும் நிக்கலையா?" என்று கேட்டேன்.

"யாரும் நிக்கத் தேவையில்ல சேர். பாருங்க, விதியிலயே இருக்கு" என்று தன் அக்காவின் கையெழுத்தைக் காட்டினாள்.

கீற்றின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். எங்கேயும் பிரியவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாள். "சேர், கிழிச்சிராதீங்க" என்றாள் தங்கை. நான் கையை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனேன்.